மீன் திரும்புவதற்கு ஓர் இடம்

மஞ்சள் டாங் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அது என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு மாலை என் மகள் தொட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தாள். பிறகு, "அப்பா, இது நீந்துகிறதா, திரும்பிக்கொண்டே இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் அதன் நிறத்தைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். அன்றுதான் அது போகும் வழியைக் கவனித்தேன். இடது கண்ணாடியிலிருந்து வலது கண்ணாடி வரை நாலைந்து வாலடிகள், உடனே ஒரு திருப்பம், மறுபடி நாலைந்து வாலடிகள். ஒரு நிமிடத்தில் பதினேழு முறை திரும்பியது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதை அங்கே அடைத்து வைத்தவன் நான்தான்.

என் முதல் கடல்நீர்த் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். கணக்குப்படி 182 லிட்டர். பாறையும் மணலும் போக, உண்மையில் 150 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். ஒரு ஜோடி கோமாளி மீன்களுக்கும் சில மென்பவளங்களுக்கும் அது போதும். டாங்குக்குப் போதாது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் பகல் முழுவதும் பாசியைக் கொறித்தபடி உலவுகிற மீன் அது. முழு வளர்ச்சியில் 20 செ.மீ. வரை வரும், கடலில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. மனிதர்கள் இதைத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்ததே 2015-இல்தான், ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் ஆய்வகத்தில். இவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு படித்தேன்.

மீன் மட்டும் நெருக்கடியில் இல்லை. பவளங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கியிருந்தன. தட்டுபோல் விரிகிற மான்டிபோரா என்ற பவளம், தனக்குக் கீழே இருந்த பவளத்தின் மேல் குடை பிடித்து வெளிச்சத்தை மறைத்தது. பச்சை நட்சத்திரப் பாலிப் என்ற பவளம் பாறை முழுவதும் பாய் விரித்தது. டார்ச் பவளம் ஹேமர் பவளத்தைக் கொட்டி, அதன் இரண்டு தலைகளை உரித்துவிட்டது. பகலில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கைவிளக்கு அடித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: பகலில் காணாத மெல்லிய நீண்ட கொட்டு இழைகளை நீரோட்டத்தோடு மிதக்கவிட்டு, அண்டை வீட்டை டார்ச் பவளம் தடவிக்கொண்டிருந்தது. தொட்டியில் இடம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர்கள் இரவில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பெரிய தொட்டி வாங்குவது என்று முடிவு செய்தபின் மூன்று மாதம் அளவுகளோடு மல்லுக்கட்டினேன். முதலில் எல்லோரையும்போல லிட்டரில்தான் யோசித்தேன். 300 லிட்டர் போதுமா, 400 வேண்டுமா என்பதே பேச்சு. அந்தக் கேள்வியே தவறு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு சின்னக் கணக்கு.

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று ஒரு தொட்டி விற்பனைக்கு இருந்தது. 324 லிட்டர். அதையே 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்று மாற்றிப் போட்டாலும் அதே 324 லிட்டர்தான். தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் தரைப் பரப்பு முதலாவதில் 0.54 சதுர மீட்டர், இரண்டாவதில் 0.72. பவளம் வைப்பதற்கும் மீன் உலவுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நிலம். நீரின் மேற்பரப்பும் அதே விகிதத்தில் விரிகிறது. நீருக்குள் ஆக்சிஜன் புகுவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அந்தப் பரப்பின் வழியாகத்தான். உயர்ந்த தொட்டி கண்ணுக்கு அழகாக, சுவரில் மாட்டிய ஓவியம்போல இருக்கிறது. அழகு நமக்கு. நிலம் உள்ளே வாழ்பவற்றுக்கு.

முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரையிலான அகலத்தைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. என் அனுபவத்தில் எல்லா அளவிலும் முக்கியமானது அதுதான். 45 செ.மீ. அகலத்தில் பாறை அடுக்கினால் அது பின்சுவரில் சாய்ந்துதான் நிற்கும். பின்னால் மீன் போக வழி இருக்காது. கழிவு அங்கே தேங்கும். முன்னாலோ, பவளம் கொஞ்சம் வளர்ந்தவுடன் கண்ணாடி துடைக்கும் காந்தம் அதில் முட்டும். நான் இரண்டு முறை அப்படி ஒரு பவளக் கிளையை ஒடித்திருக்கிறேன். 60 செ.மீ. அகலம் இருந்தால் பின்னால் ஒரு சாண், முன்னால் ஒரு சாண் விட்டுவிட்டுப் பாறையை நடுவில் தீவுபோல எழுப்பலாம். மீன் அதைச் சுற்றி வரலாம். சுற்றி வர முடிகிற மீனுக்குத் தொட்டி முடிவதே இல்லை. கண்ணாடியைக் கண்டு திரும்ப வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. என் மகளின் கேள்விக்கு நான் கண்ட விடை பாதி நீளத்தில் இருக்கிறது, பாதி அகலத்தில் இருக்கிறது.

உயரத்தைக் குறைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஸ்டாண்ட் 85 செ.மீ., அதன்மேல் 60 செ.மீ. தொட்டி என்றால் விளிம்பு கிட்டத்தட்ட என் தோளுக்கு வந்துவிடும். அடி மணலில் விழுந்த பவளத்தை எடுக்க முக்காலி போட்டு, அக்குள் வரை நனைந்து, கன்னத்தைத் தண்ணீரில் வைத்துத் துழாவ வேண்டும். கைக்கு எட்டாத மூலையை நாம் சுத்தம் செய்வதில்லை. இதில் யாரும் தங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஆழம் கூடினால் அடிவரை வெளிச்சம் போக வலுவான விளக்கும் வேண்டும். கண்ணாடியின் மேல் நீர் கொடுக்கும் அழுத்தமோ நீளத்தையும் அகலத்தையும் பொறுத்ததல்ல, உயரத்தை மட்டுமே பொறுத்தது. 60 செ.மீ. நீர் நின்றால் அடியில் உள்ள அழுத்தம், 45 செ.மீ. நின்றால் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதற்கேற்பக் கண்ணாடி தடிக்க வேண்டும். எடையும் செலவும் ஏறும்.

கடைசியில் 150 × 60 × 50 என்று முடிவு செய்தேன். 450 லிட்டர். இந்த அளவைப் பார்த்ததும், நீல டாங்கும் வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஆசை எழுந்தது உண்மை. அது 30 செ.மீ. வரை வளரும், ஓயாமல் ஓடும் மீன். 180 செ.மீ.க்குக் குறைந்த தொட்டியில் அதை வைத்தால் நான் செய்த தவறையே பெரிய பெட்டியில் மறுபடி செய்ததாகிவிடும். ஆசையை அப்படியே விட்டுவிட்டேன். இன்றும் வருத்தமில்லை.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்ற கேள்வியை நான் நீட்டவில்லை. அக்ரிலிக் இலேசானது, தெளிவானது; ஆனால் சுண்ணப்பாசி ஒட்டிய இடத்தைச் சுரண்டும்போது கீறல் விழும். பவளத் தொட்டியில் வாராவாரம் சுரண்ட வேண்டியிருக்கும். கண்ணாடி என்று தீர்த்துவிட்டேன். பழைய தொட்டி ஒன்றும் அதன் பாறைகளோடு மலிவாக விலைக்கு வந்தது. மூலைகளில் சிலிகான் உரிந்து, ஓரம் மஞ்சளாகியிருந்தது. அதில் முன்பு மீன்களுக்குச் செம்பு மருந்து போட்டார்களா என்று கேட்டேன்; விற்றவருக்கே தெரியவில்லை. சுண்ணப்பாறை செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் மெல்ல விடும். இறாலும் நத்தையும் பவளமும் அதைத் தாங்காது. அந்தப் பாறைகளோடு சேர்த்துத் தொட்டியையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

இனி எடை. இதைக் கணக்குப் போட்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடல்நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.025 கிலோ. 450 லிட்டர் 461 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. மொத்தம் 3 சதுர மீட்டர், 90 கிலோ. கீழே சம்ப் தொட்டியும் (மேல் தொட்டியின் நீர் வடிந்து வந்து, பம்பால் திரும்ப மேலேறும் துணைத் தொட்டி) அதன் நீரும் 125 கிலோ. ஸ்டாண்ட் 60 கிலோ. தண்ணீரை இடம்பெயர்த்தது போகப் பாறையும் மணலும் இன்னும் கொஞ்சம். ஆக முக்கால் டன், ஒன்றரை மீட்டர் நீளத் தரையில், ஆண்டுக்கணக்காக. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து இடத்தைக் காட்டினேன். நான் ஆசைப்பட்ட, அறையின் நடுவிலிருந்த இடத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சுமை தாங்கும் சுவரை ஒட்டி, அடியில் உத்தரம் போகும் இடத்தைக் காட்டினார். சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு அங்கேதான் வைத்தேன். குழாய்க்கும் கைக்கும் அந்த இடைவெளி வேண்டும். மாடி வீட்டில் இருப்பவர்கள், மரத்தளம் உள்ளவர்கள் இந்த ஒரு ஆலோசனைக்குச் செலவழிக்கத் தயங்கவே கூடாது.

வீட்டு வாசலையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்தேன். அளந்தும் நம்பிக்கை வரவில்லை. மெல்லிய மரச்சட்டங்களால் அதே அளவில் ஒரு கூடு கட்டி, என் மைத்துனரும் நானும் வாசலிலிருந்து அறை வரை தூக்கிச் சென்று பார்த்தோம். நடைபாதைத் திருப்பத்தில் நிலைக்கதவைக் கழற்றினால்தான் திரும்பும் என்று அப்போதுதான் தெரிந்தது. 90 கிலோ கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டாண்டுக்கு மரத்தூள் பலகை கூடாது. உப்புநீர் பட்டால் ஊறி உப்பிவிடும். நான் இரும்புச் சட்டம் அடித்து நன்கு வண்ணம் பூசினேன். ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்து, தட்டையான அடியுள்ள தொட்டி என்பதால் இடையில் நுரைத்தாள் விரித்தேன். மணல் ஒன்று சிக்கினாலும் கண்ணாடியின் ஒரே புள்ளியில் சுமை இறங்கும்.

சம்ப் வேண்டாம், தொங்கும் வடிகட்டி போதும் என்று முதல் தொட்டியில் இருந்தேன். இந்த அளவுக்கு சம்ப் இல்லாமல் நான் இறங்கமாட்டேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர், ஆவியாகிப் போகும் நீரை ஈடுசெய்யும் கருவி எல்லாம் கண்ணில் படாமல் கீழே போய்விடும். மொத்த நீரும் கூடும். வடியும் குழாய் ஒன்று போதாது என்பதும் என் உறுதியான கருத்து. ஒன்று முழுக்க நிரம்பிச் சத்தமின்றி ஓடவும், அது அடைத்துக்கொண்டால் இன்னொன்று தாங்கவும் இரண்டு குழாயாவது வேண்டும். கடையில் தொட்டி செய்யும்போதே துளைகளை எங்கே இடுவது என்று சொல்லிவிடுங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் பின்னால் துளையிட முடியாது, தூளாகிவிடும்.

ஆனால் சம்ப் வைத்தவனுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. வெறும் தண்ணீர் நிரப்பிப் பரிசோதித்த முதல் இரவில் பம்பை நிறுத்திப் பார்த்தேன். மேல் தொட்டிக்கு நீர் ஏற்றும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாக நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது. 150 × 60 பரப்பில் ஒரு செ.மீ. இறங்கினால் 9 லிட்டர். 4 செ.மீ.க்கு 36 லிட்டர். சம்பில் நான் விட்டிருந்த வெற்றிடம் 20 லிட்டர். மீதி அறைத் தரையில். நல்லவேளை, அது உப்பில்லாத தண்ணீர். மின்சார இணைப்புகளும் உயரத்தில் இருந்தன.

மறுநாள் குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே தூக்கி வைத்தேன். மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளையும் இட்டேன். நீர் இறங்கியதும் அதன் வழியே காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசியும் நத்தையும் அடைக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. சம்பில் எப்போதும் 40 லிட்டர் வெற்றிடம் இருக்கும்படி, அதற்குமேல் நீர் நிற்கக் கூடாது என்று கண்ணாடியில் ஒரு கோடு கிழித்தேன். அதன் பிறகு மின்சாரம் எத்தனையோ முறை போயிருக்கிறது. தரை நனையவில்லை. மின்கம்பிகள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் கடல்நீர்த் தொட்டியை ஓட்டக் கூடாது.

ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறியவை வைத்தேன். பெரிய ஹீட்டர் ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால் ஓரிரவில் தொட்டியே வெந்துவிடும். சிறியது சிக்கினால் அவ்வளவு வேகமாகச் சூடேற்ற முடியாது. நாம் கவனிக்க நேரம் கிடைக்கும்.

இடமாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீர் சேர்க்கத் தொடங்கினேன். ஆர்.ஓ. வடிகட்டியும் அதற்குப் பின் அயனி நீக்கும் குடுவையும் தாண்டி, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மானி பூஜ்யம் காட்டிய நீர் மட்டும். புதிய தொட்டியையே கலக்கும் பாத்திரமாக்கிக்கொண்டேன். 380 லிட்டருக்குச் சுமார் 14 கிலோ கடல் உப்புக் கலவை. நீரில்தான் உப்பைத் தூவ வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். பம்ப் ஓட இரண்டு நாள் விட்டேன். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை, ஆயிரத்தில் 35 என்று அளவிட்ட திரவத்தை வைத்துச் சரிபார்த்தபோது என் கருவி இரண்டு புள்ளி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு ஆண்டாக நான் 35 என்று நம்பியது 33. மீன்கள் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கின்றன. திடீரென்று சரியான 35-க்கு மாற்றினால் பவளங்கள் பொறுக்காது. அதனால் புதிய நீரையும் 33-லேயே வைத்து, இடம் மாற்றியபின் மூன்று வாரத்தில் மெல்ல உயர்த்தினேன்.

பழைய தொட்டித் தண்ணீர் பொக்கிஷம் என்று பலர் நினைக்கிறார்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிகக் குறைவு. அவை குடியிருப்பது பாறையின் துளைகளில். ஆகவே பாறையைக் காய விடாமல் நீருக்குள்ளேயே வைத்து மாற்றுவதுதான் தலையாய வேலை. நீர் மாற்றத்தைப் பவளங்கள் மெல்ல உணரட்டும் என்பதற்காக மட்டும் 100 லிட்டர் பழைய நீரைக் கொண்டுபோனேன். பழைய மணலை முழுவதுமாக விட்டுவிட்டேன். கிளறியபோது அடியில் கரும்படலமும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தன. அதை அப்படியே புதிய தொட்டியில் கொட்டியிருந்தால் மீன்கள் தாங்கியிருக்காது.

பாறையைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜோவாந்தஸ், பாலித்தோவா வகைப் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைத் தேய்ப்பதோ வெந்நீரில் இடுவதோ கூடாது. ஆவியிலும் தெறிக்கும் நீரிலும் நஞ்சு பரவும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தேன், காயமுள்ள விரலைத் தண்ணீரில் வைக்கவில்லை, குழந்தையை அறைக்குள் விடவில்லை. மிகையான பயம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

வரிசை இப்படி: முதலில் பவளங்கள் தொட்டிகளில், பிறகு பாறைகள், கடைசியில் மீன்கள். பாறை இருக்கும்போது மீனைத் துரத்தினால் நாள் முழுவதும் போய்விடும், மீனும் களைத்துவிடும். பாறை வெளியேறிய பின் பத்து நிமிடம். டாங்கின் வால் அடியில் இருபுறமும் கத்திபோன்ற முள் உண்டு, வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், நமக்கும் காயம். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் முகந்து எடுத்தேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கியது இரவு ஒன்பதுக்கு முடிந்தது. என் மகளும் மைத்துனரும் இல்லாமல் இது நடந்திருக்காது.

இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பார்த்தேன். ஏறவில்லை. விளக்கை முதல் வாரம் பாதி வலுவில் வைத்து ஆறு வாரத்தில் மெல்ல உயர்த்தினேன். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், யாரும் எனக்குச் சொல்லாத ஒரு பிழையைச் செய்தேன்.

கல் பவளங்கள் எலும்புக்கூடு கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சுகின்றன. பழைய தொட்டியில் நாளொன்றுக்குக் காரத்தன்மை 0.9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) குறையும்; அதை ஈடுசெய்ய ஒரு குறிப்பிட்ட அளவு கரைசல் சொட்டுச் சொட்டாக ஊற்றிவந்தேன். புதிய தொட்டியில் மொத்த நீர் 480 லிட்டர், அதாவது மூன்று மடங்குக்குமேல். ஆகவே கரைசலையும் மூன்று மடங்காக்கினேன். ஐந்து நாளில் 8.1-இலிருந்து 10.9-க்கு ஏறிவிட்டது. மான்டிபோராவின் விளிம்பும், கிளைப்பவளங்களின் நுனிகளும் வெளுத்து எரிந்ததுபோல் ஆயின.

தவறு எங்கே? உறிஞ்சுவது பவளம், தண்ணீர் அல்ல. பவளங்கள் அதே பவளங்கள்தான். அவற்றின் பசியும் அதேதான். நீர் கூடியதால் 0.9 என்று தெரிந்த குறைவு 0.28 ஆக மெலிந்து தெரியும், அவ்வளவே. ஊற்ற வேண்டியது பழைய அளவையே. நான் மூன்று மடங்கு ஊற்றி, எடுத்துக்கொள்ள ஆளில்லாத உணவைக் குவித்துவிட்டேன். புதிதாக நிரப்பிய நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக இருந்ததும் சேர்ந்துகொண்டது. சத்தில்லாத நீரில் உயர்ந்த காரத்தன்மை பவளத்தைச் சுடும். கரைசலை நிறுத்தி, தானாக இறங்கவிட்டு, 8.5-க்கு வந்ததும் பழைய அளவில் மீண்டும் தொடங்கினேன். மூன்று நுனிகள் திரும்பவில்லை. தொட்டி மாற்றுபவர்கள் கரைசலைப் பழைய அளவிலேயே வைத்து, வாரத்துக்கு மூன்று முறையாவது சோதித்து, பவளம் வளர வளரக் கூட்டுங்கள்.

பெரிய தொட்டி பராமரிக்க எளிது என்று சொல்வார்கள். பாதி உண்மை. பழைய தொட்டியில் மதியத்துக்குள் இரண்டு டிகிரி ஏறும். இதில் அரை டிகிரிகூட அசைவதில்லை. ஒரு நத்தை செத்தால் நீர் கலங்குவதில்லை. ஆனால் பத்து சதவீத நீர் மாற்றம் என்றால் இப்போது 48 லிட்டர். வாளியில் தூக்கினால் முதுகு போய்விடும். பம்பும் நீண்ட குழாயும் பீப்பாயும் வாங்கிய பிறகுதான் அந்த வேலை வாரம் தவறாமல் நடக்கிறது. தொட்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே இவற்றுக்கும் விளக்குக்கும் அலை பம்புகளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். என் கணக்கில் கண்ணாடித் தொட்டி மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பவளங்களை இப்போது நான் இன்றைய அளவுக்கு வைப்பதில்லை. டார்ச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் 20 செ.மீ. வெறுமையாக விட்டிருக்கிறேன். பச்சை நட்சத்திரப் பாலிப்பை மணலில் தனிக்கல்லில் வைத்தேன். மணலைத் தாண்டி அது ஏறுவதில்லை. மான்டிபோரா வலது ஓரத்தில், நிழல் வெறும் மணல்மேல் விழும்படி. வருகிறவர்கள், இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, இன்னும் நாலு பவளம் வைக்கலாமே என்கிறார்கள். சும்மா கிடக்கவில்லை, அது மூன்று ஆண்டு கழித்து வரப்போகிற பவளத்தின் இடம். புதிதாக வைப்பதாக இருந்தாலும் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகளைத்தான் வாங்குகிறேன். கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. கடலில் அவற்றுக்கு இருக்கும் நெருக்கடியை நாம் கூட்ட வேண்டியதில்லை.

புதிய மீன் எதுவானாலும் தனித்தொட்டியில் தங்கிய பிறகே உள்ளே வருகிறது. வெண்புள்ளி ஒட்டுண்ணி ஒருமுறை பாறைக்குள் புகுந்துவிட்டால், பவளம் இருப்பதால் செம்பு மருந்து போட முடியாது. எல்லா மீனையும் பிடித்து வெளியேற்றி, மீனில்லாத தொட்டியை 76 நாள் காக்க வேண்டும் என்பதே கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நாங்கள் பின்பற்றும் வழக்கம். நடுவில் தீவுபோல் எழுப்பிய பாறையைக் கலைத்து மீன் பிடிக்க எனக்கு மனமில்லை.

ஒன்றரை ஆண்டு ஆகிறது. டாங் 17 செ.மீ. இருக்கும் என்று கண்ணாடியில் அளவுகோல் பிடித்து மகள் சொன்னாள். பெண் கோமாளி மீன், என் கை உள்ளே போனால் கடிக்கிறது. இரண்டு தலை இழந்த ஹேமர் பவளம் ஐந்து புதிய தலை விட்டிருக்கிறது. சென்ற வாரம் மாலையில் மகளும் நானும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொட்டியின் முன் உட்கார்ந்து எண்ணினோம். டாங் பாறைக்குப் பின்னால் மறைந்து, மறுமுனையில் தோன்றி, வளைவின் அடியில் நுழைந்து, பாசியைக் கொறிக்க நின்று, மறுபடி புறப்பட்டது. ஒரு நிமிடத்தில் இரண்டு முறை கண்ணாடிக்கு வந்து திரும்பியது. மூன்றாவது முறை வந்தது எங்கள் முகத்தைப் பார்க்க என்று மகள் சொல்கிறாள். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.